வெள்ளத்துரை கடையில் சிலோன் பாடிய சாயங்காலம்

எங்கள் திருவொற்றியூர்க் குப்பத்து முனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் வெள்ளத்துரைக்கு அவருடைய வால்வு ரேடியோ தாலி கட்டாத சம்சாரம். தாலி கட்டிய தங்கபுஷ்பம் அதைத் துடைக்கும் துணியைக்கூடத் தொடக்கூடாது. கூரைமேல் பெரிய ஒலிபெருக்கிப் புனல் ஒன்றைக் கட்டி ஊருக்கே கேட்கவிடுவார்.

அதில் குப்பத்துக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. சாயங்காலம் மெட்ராஸ் ஸ்டேஷன் வானிலை சொல்லும். கடல் நன்றாயிருந்தால் பாட்டு தொடரும். ஆண்கள் கட்டுமரத்தைத் தள்ளுவார்கள். புயலென்றால் வெள்ளத்துரை ரேடியோவை அணைத்துவிடுவார். புனல் ஊமையானால் கடலில் இருப்பவனும் திரும்பிவிடுவான்.

போன ஐப்பசியில் அவருக்கு மெட்ராஸ் கசந்துபோயிற்று. சிலோன் பாட்டு வேண்டுமாம். அவர் பெட்டியிலோ சிலோன் வருகிற சிற்றலை கிடையாது. ராயபுரத்து ரேடியோ ரிப்பேர்காரன் ரகுபதி வந்து, பின்பக்கத்தைக் கழற்றி, வால்வுகளுக்கு நடுவே புதுக் கம்பிச்சுருள் ஒன்றைப் பற்றவைத்து, முன்னால் ஒரு குமிழ் மாட்டினான். இப்படித் திருப்பினால் மெட்ராஸ், அப்படித் திருப்பினால் சிலோன். நான் புளி வாங்கப் போனவள். வேலை முடிகிறவரை புளியில் கொட்டை பார்த்துக்கொண்டே நின்றேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் சிலோன் பிடித்தது.

“கேட்டியளா! கொழும்பே நம்ம கடைக்குள்ள வந்துட்டு!” என்று கூத்தாடினார் வெள்ளத்துரை.

“எண்ணெய் வாங்க வந்தவுக நிக்காவ. கொழும்பையே அளந்து ஊத்துங்க,” என்றாள் தங்கபுஷ்பம்.

பாட்டுமேல் பாட்டு. கரையில் அதைக் கேட்ட குப்பத்துத் தண்டபாணி, கடல் நன்றாயிருக்கிறது என்று நம்பிக் கட்டுமரத்தைத் தள்ளிவிட்டான். கடைத் தட்டி படபடவென்று அடித்துக்கொண்டது. உப்பு வாங்க வந்த அவன் பெண்டாட்டி முத்தம்மா வானத்தைப் பார்த்தாள்.

“இன்னா அண்ணாத்தே, காத்து ஒரு மாரியா கீது. மெட்ராசு ஒண்ணியும் சொல்லலியா?”

வெள்ளத்துரை ரேடியோவிடம் பாய்ந்தார். குமிழைத் திருப்பினார். ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற கடைசி வரி மட்டும் கிடைத்தது. அடுத்த நொடி மெட்ராஸ்காரனும் கச்சேரியைத் தொடங்கிவிட்டான்.

அலைக்கு அப்பால் தண்டபாணியின் பாய் உள்ளங்கையளவு தெரிந்தது.

“ஐயோ, போய்க்கினே கீறாரே!”

“சத்தத்தக் கூட்டுதேன் தாயி! மறுபடி சொல்லுவான், அவனுக்குக் கேக்கும்!” அவர் முழுதாகத் திருக, கச்சேரி கரைக்காற்றில் ஏறிக் கடலுக்கே போயிற்று.

“யோவ், அத்த அமுத்துய்யா! பாடிக்கினே இருந்தா அவரு எப்டி திரும்புவாரு?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அணைத்தார்.

யாரும் பேசவில்லை. நானே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாய் இன்னும் சிறுத்தது. பிறகு சாய்ந்தது. கவிழ்ந்ததா, திரும்பியதா? முத்தம்மா என் விரல்களை நசுக்கிக்கொண்டிருந்தாள். பாய் மெல்ல மெல்ல அகலமாயிற்று.

தொப்பலாக நனைந்து வந்தான் தண்டபாணி. “இன்னா நைனா, ஷோக்கா பாடிக்கினு இருந்திச்சு, பொசுக்குன்னு நிறுத்திட்டே? புயலா?”

வெள்ளத்துரை எண்ணெய்ப் படியைத் துடைக்க ஆரம்பித்தார். முத்தம்மா நேரே போய்ப் புதுக் குமிழை, அது மெட்ராஸ் பக்கம் இருக்கும்போதே பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“சிலோன் ஓணும்னா, வானிலை கேட்டப்பறம் எங்கூட்டாண்ட வந்து வாங்கிக்க.”

இப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால் வெள்ளத்துரை முத்தம்மா வீட்டுப் பக்கம் போகிறார். குமிழுக்குத்தான் போகிறார் என்று தங்கபுஷ்பத்திடம் நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.