நடு சீட்டில் அப்பா

அப்பாவின் சட்டையில் கடைசிப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. வயிறு அவ்வளவு வீங்கியிருந்தது. சலோமி ஓர் ஊக்கைக் குத்தி, மேலே துண்டைப் போர்த்தினாள்.

"மப்ளரும் கட்டு. மூஞ்சி பாதி மறையும்" என்றான் அவள் கணவன் ஜாக்சன்.

அப்பாவுக்கு மூச்சு நின்று சற்று நேரம்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது. அது நிற்பதற்குள் ஒரு தடவை கத்தி அழுதுவிடலாமா என்றிருந்தது சலோமிக்கு.

"அழாத பிள்ளை" என்றாள் அம்மா. "மாதா கோயிலுக்கும் சொல்லாத. துக்கமணி அடிச்சா ஊருக்கே தெரிஞ்சுபோகும்."

அப்பாவும் அம்மாவும் இலங்கைச் சண்டைக்குத் தப்பி மன்னாரிலிருந்து படகேறியவர்கள். மகள் காரைக்காலில் வாழ்க்கைப்பட்டும், அவர்கள் பெயர் புதுச்சேரி எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டு அகதி முகாமில்தான் இருந்தது. மகள் வீட்டில் தங்கக்கூட அனுமதி வேண்டும். முகாமுக்கு மாத்திரை தந்துவந்த வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம், நிதி இல்லையென்று போய்விட்டது. காரைக்காலில் வைத்தியம் பார்க்க மழைக்கு முன்பே மனுக் கொடுத்தார்கள். "மேல போயிருக்கு" என்றார்கள். எவ்வளவு மேலே என்று யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு மூச்சு முட்டியதும் ஜாக்சன் யாரிடமும் சொல்லாமல் காரில் ஏற்றி வந்துவிட்டான்.

இன்று மாலை முகாமில் ஆள் சரிபார்ப்பு. அனுமதியில்லாமல் வெளியே வந்து செத்தார் என்று தெரிந்தால் அம்மாவின் பெயரையும் வெட்டுவார்கள். பெயர் போனால் வீடும் போகும்.

"முகாம் வீட்டுல கொண்டுபோய்ப் படுக்க வச்சுட்டா, அங்கதான் போனாருன்னு சொல்லிக்கலாம்" என்றான் ஜாக்சன். "அத்த, செக்போஸ்ட்ல நீங்க வாயத் தொறக்காதீங்க. 'ஆமா'ங்கற எடத்துல ஒரு 'ஓம்' வந்தாப் போதும், எந்த ஊருன்னு கண்டுபுடிச்சுருவான்."

காரின் பின் சீட்டில், அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் அப்பாவை உட்காரவைத்தார்கள். தலை சலோமியின் தோளில் சாய்ந்தது. சின்ன வயதில் அவள் அவர்மேல் சாய்ந்த கனம் இவ்வளவு இருந்திருக்காது.

வாஞ்சூர் எல்லைச் செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. போலீஸ்காரர் டிக்கியைத் திறந்து, காரைக்காலிலிருந்து கடத்தும் சாராயப் பாட்டில் தேடிவிட்டு, ஜன்னலில் குனிந்தார்.

"பெரியவருக்கு என்ன?"

ஜாக்சன் வாய் திறப்பதற்குள், சாய்ந்த தலையைப் பார்த்துப் போலீஸ்காரர் சிரித்துவிட்டார்.

"சரிதான். டிக்கியில ஒண்ணுமில்ல, எல்லாம் வயித்துலயா?"

"ஆமா சார். கொஞ்சம் ஓவராயிருச்சு" என்றான் ஜாக்சன்.

அப்பா கள்ளைக்கூடத் தொடாத மனிதர். குடித்துவிட்டு முகாமுக்குள் வருகிறவனை வேலியோரம் நிறுத்திவைத்துத் திட்டுவார்.

"ஏம்மா, இப்புடியேவா கூட்டிட்டுப் போவீங்க? குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் நகரவில்லை. நல்ல மனசுதான், பார்த்துவிட்டுப் போகலாமென்று நின்றார்.

அம்மா தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தாள். மப்ளரை விலக்கி உதட்டில் வைத்துச் சாய்த்தாள். விழுங்குகிற சத்தம் கேட்க வேண்டுமே என்று சலோமி தன் எச்சிலை விழுங்கினாள். தண்ணீர் அப்பாவின் தாடையில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது.

"அப்புடித்தான். போங்க, போங்க."

நாகூர் தர்கா மினாராக்கள் தெரிந்தபோது, "தாண்டிட்டோம் அத்த" என்றான் ஜாக்சன். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அம்மா முந்தானையால் அப்பாவின் கழுத்தைத் துடைத்தாள். ஈர மப்ளரை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"நனைஞ்சுபோச்சு" என்றாள். "காத்துப் பட்டாத் தடிமன் பிடிக்கும்."

தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினாள். பிறகு சலோமியைப் பார்த்தாள். சலோமியும் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினாள்.