எதிர்வீட்டுக்காரிக்குத் திறக்கும் கதவு

எதிர்வீட்டுக்காரி வந்தால் மட்டும் சமையலறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. பெரியவள் வந்தால் அசையாது. அவள் தங்கையின் புருஷன் வேலை முடிந்து வந்தாலும் அசையாது. எதிர்வீட்டுக்காரி வாசலில் கால் வைத்தால் போதும், வாங்க வாங்க என்பதுபோல அகலத் திறக்கும்.

"கதவுக்குக்கூட ஆள் தெரியுது பாரேன்" என்று தங்கை சிரிப்பாள். பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தங்கைக்கு ஏழாம் மாதம். அவளைப் பார்த்துக்கொள்ள ஊரில் தையல் கடையைப் பூட்டிவிட்டுக் கடல் தாண்டி வந்த பெரியவளுக்கு விசா முடிகிறது, நாளைக்கு விமானம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் நிற்கப்போவதும் பிள்ளையை முதலில் கையில் வாங்கப்போவதும் எதிர்வீட்டுக்காரி. அவளையும் தங்கை 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறாள்.

"இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டுப் போனா இந்த நாடு தேஞ்சா போயிடும்?" பெட்டிக்குள் புடவையைத் திணித்தாள் பெரியவள். "உனக்கென்ன, அந்த மகராசி பாத்துக்குவா."

"வயித்தெரிச்சலா அக்கா?"

"எனக்கென்ன வயித்தெரிச்சல். பித்தம்."

போவதற்குள் அந்தக் கதவை ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்று அதன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக்காரி வந்தாள். ஒரு கையில் குழம்புச் சட்டி, மறு கையில் துவைத்து மடித்த துணி. வாசல் கதவை இடுப்பால் ஒரே இடி.

சமையலறைக் கதவு திறந்துகொண்டது. பெரியவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. குளிருக்காக ஜன்னல்களெல்லாம் இறுகச் சாத்தியிருந்தன. வாசல் கதவு வேகமாக உள்ளே வந்தால் கூடத்துக் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. அது சமையலறைக் கதவைத் தள்ளுகிறது. மற்றவர்கள் கையால் மெதுவாகத் திறக்கிறார்கள். இவள் ஒருநாளும் வெறுங்கையோடு வருவதில்லை.

ஆனால் தாழ் விழுந்த கதவைக் காற்று எப்படித் திறக்கும்? பெரியவள் குனிந்து பார்த்தாள். தாழின் நாக்கு துளைக்குள் போகாமல், அதற்குக் கீழே நிலையில் அடித்த தகட்டில் உரசிக் கோடு போட்டிருந்தது. ரவிக்கையில் கொக்கி வளையத்தில் மாட்டவில்லை என்றால் கொக்கியை மாற்றக் கூடாது, தோளைப் பார்க்க வேண்டும். தோள் தொங்கினால் எல்லாம் தொங்கும். கதவுக்குத் தோள் என்பது மேல் கீல்தான். தொட்டதும் அதன் திருகுகள் ஆடின.

பெட்டியிலிருந்து தையல் மெஷின் திருப்புளியை எடுத்தாள். கதவைத் தூக்கிப் பிடிக்கத் தங்கை எழுந்தாள்.

"புள்ளத்தாச்சி, பேசாம உக்காரு" என்று அதட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தாள். "கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறியாம்மா?"

"எவ்வளவு நேரம்னாலும் பிடிக்கிறேங்க."

முறுக்கி முடித்த பிறகும் பெரியவள் விடச் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரிக்குக் கை கடுக்கும்வரை கீலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி கஞ்சிப் பாத்திரமும் வெந்நீரும் ஏந்தி, வாசல் கதவை இடித்துக்கொண்டு வந்தாள். சமையலறைக் கதவு கல்லுப்போல நின்றது. பெரியவளுக்கு மனசு குளிர்ந்தது.

"பாத்தியா, இனி உனக்கும் திறக்காது."

"இருங்கக்கா, நான் திறக்கிறேன்." தங்கை சோபாவில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை ஊன்றி மூச்சு வாங்க எழுந்தாள். எதிர்வீட்டுக்காரி கைநிறையச் சூட்டோடு நின்றாள்.

பெரியவள் ஓடிப்போய்த் திறந்துவிட்டாள். நாளைக்கு யார் ஓடுவார்கள்?

"பேசாம கதவைத் திறந்தே போட்டா என்ன?"

"தாளிக்கிற வாடை வந்தா எனக்குக் குமட்டுதே அக்கா."

 பெரியவள் மறுபடியும் பெட்டியைத் திறந்து திருப்புளியை எடுத்தாள். மேல் கீலின் திருகுகளை இரண்டு சுற்றுத் தளர்த்தினால் நாக்கு துளைக்குள் விழாமல் தகட்டில் உரசி நிற்கும். வாடை வராத அளவுக்குக் கதவு சாத்தியிருக்கும், எதிர்வீட்டுக்காரி வரும்போது மட்டும் திறக்கும்.