வேற பக்கம் பாருங்க

பார்க்கக் கூடாது, பார்க்கவே கூடாது, மேலே தொங்குகிற விளக்கைப் பார், எதிர் மேசைக்காரர் தொப்பியைக் கழற்றாமலே சாப்பிடுகிறாரே அவரைப் பார், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் கணவரின் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க அவள் வாயில் வருகிற வாக்கியம் அது, கொஞ்சம் சுருக்குனு இருக்கும், வேற பக்கம் பாருங்க, சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும், எவ்வளவு பெரிய ஆளும் சமர்த்தாகச் சுவரைப் பார்ப்பார்... ஊருக்குத்தான் உபதேசம். இந்த மனிதருக்கு இந்த இத்தாலியன் ரெஸ்டாரண்டில் வேறு எதுவும் கிடைக்கவில்லையா? பீட்சா என்றால் அவர்களே வெட்டிக் கொண்டுவருவார்கள், சூப் என்றால் கரண்டி போதும், இல்லையாம், ஸ்பகெட்டிதான் வேண்டுமாம், முழ நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு ஓடுகிற அந்த இழையை முள்கரண்டியில் சுற்றித்தான் சாப்பிடுவாராம், அதுவும் துணி வெட்டுகிற மெஷினில் நரம்பு அறுந்து, தைத்து, ஐந்து மாதம் கட்டுக்குள்ளும் உறைக்குள்ளும் கிடந்த கையால். சாயங்காலம் முதலாளி போனில் கேட்டார், மாஸ்டர், திங்கட்கிழமை கட்டிங் மேசைக்கு வர்றீங்களா, இல்ல ஸ்டோர் ரூம்ல நாற்காலி போடவா, இன்னிக்கே சொல்லிட்டா நல்லது. இவர் சொன்ன பதில், "சாப்பிட்டுட்டுச் சொல்றேன்." ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். சர்வர் பெண்ணிடம் அவர் ஸ்பகெட்டி என்று சொன்னபோதுதான் கைக்கு இதுதான் பரீட்சை என்று அவளுக்கு விளங்கியது.

நாற்காலியே வாங்கிக்கொள்ளட்டுமே, என்ன குறைந்துவிடும், என்று ஒரு மனசு. நாற்காலியில் உட்கார்ந்து துணி எண்ணினால் விரல் அறுபடாது, போன் அடிக்கும்போதெல்லாம் இவள் போட்டது போட்டபடி ஓட வேண்டியதில்லை. இன்னொரு மனசு சும்மா இருக்குமா, கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கப் போய்க் கம்பெனி வாசலில் நின்று பார்த்தாளே, அதைக் கொண்டுவந்து காட்டுகிறது, மேசை நீளத்துக்குத் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே சாக்பீஸால் கோடு இழுத்து, மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு மெஷினைத் தள்ளினார், அடி அடுக்கும் மேல் அடுக்கும் இம்மி பிசகாமல் கழுத்துக்கு வளைந்து கைக்கு வளைந்து வந்தன, சுற்றி நின்றவர்கள்கூட வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். இந்த ஆளையா நமக்குக் கட்டிவைத்தார்கள் என்று அன்றைக்குத்தான் அவளுக்குக் கர்வம் வந்தது, அதுவரைக்கும் ஏதோ கிடைத்தவர் என்றுதான் இருந்தாள். அப்பேர்ப்பட்ட கட்டிங் மாஸ்டருக்கு இந்த ஐந்து மாதமாகத் தட்டில் இருப்பதை வெட்டிப் போட்டவள் இவள். காய், பழம், ரொட்டி, எல்லாவற்றையும் இடது கைக் கரண்டிக்குள் அடங்குகிற அளவுக்கு. அவள் நறுக்கும்போதெல்லாம் அவர் ஜன்னலைப் பார்ப்பார். வெட்கம், பாவம், என்று அவளும் சீக்கிரம் நறுக்கிவிட்டு எழுந்துபோவாள். தன் கையே தனக்குதவி என்று ஒருநாள் அவராகவே சொல்லிச் சிரித்தார், அவள்தான் சிரிக்கவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சிக்காகச் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடுவார், டிங்... காத்திருந்தால் இன்னொரு டிங்... அடுப்படியில் நின்றுகொண்டு அவள் அடுத்த டிங்குக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நாளாக அந்தச் சத்தம் மழை விழுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது, ஆமாம், கேட்டாள், கேட்டுக்கொண்டேதான் நறுக்கினாள்.

தட்டுகள் வந்தன. அவளுடையது லசானியா, மாவுத் தகடும் சீஸும் தக்காளிக் குழம்புமாக மாற்றி மாற்றி அடுக்கிச் சுட்டது. மாஸ்டர் எட்டிப் பார்த்து, "துணிய அடுக்கி வச்ச மாதிரியே இருக்கே, ஊசி," என்றார். ஊசி என்பது அவளுக்கு அவர் வைத்த பெயர், ரெண்டு பேர் பிழைப்பிலும் ஊசி இருந்தாலும் குத்துவது நீ ஒருத்திதான் என்பார். அவரே மேசைவிரிப்பின் ஓரத்தை நெருடிப் பார்த்து, "இழை பாக்காம வெட்டிருக்கான், அதான் மூலை தொங்குது," என்று ஒரு குறையும் சொல்லிவிட்டு முள்கரண்டியை எடுத்தார். வலது கையால். கட்டை விரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் அது ஆடியது. குத்தினார், சுற்றினார், மேலே தூக்கும்போது மொத்தமும் வழுக்கி விழுந்து வெள்ளைச் சட்டையில் சிவப்பாகத் தெறித்தது. எழுந்துபோய் நாலு நறுக்கு நறுக்கிக் கொடுத்தால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள், விளக்கைப் பார், தொப்பியைப் பார்... சர்வர் பெண் துடைக்கிற துணியும் கரண்டியுமாக ஓடிவந்தாள். "பரவால்லம்மா, சட்டை நான் வெட்டுனதுதான், இன்னொண்ணு வெட்டிக்கலாம்," என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு மறுபடி குத்தினார். மறுபடி விழுந்தது. விழட்டும், என்று அவளுக்குள் ஏதோ ஒன்று சொன்னது, சத்தியமாகச் சொன்னது, அவளுக்கே பகீரென்றது, அடிப்பாவி, இதற்கா இத்தனை நாள் சாமியைக் கும்பிட்டாய்? அவர் நிறுத்தினார். நரம்பு தைத்த நடுவிரல் மடங்காது, அதைச் சிறிது நேரம் யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மடங்காத அந்த விரலையே கரண்டிக் காம்புக்கு அடியில் நீட்டி முட்டுக் கொடுத்து, விரல்களைத் திருப்பாமல் மணிக்கட்டை மட்டும் திருப்பினார், அவசரமே இல்லாமல், மெஷினைத் தள்ளும்போது அடக்குவாரே அதே மூச்சை அடக்கிக்கொண்டு. இழை சுற்றியது. உருண்டையாக, ஒரு வால்கூடத் தொங்காமல், வாய்க்குப் போனது. மென்றார். அடுத்தது. அடுத்தது. எப்படிப்பட்ட மனிதர் இவர், உதவாத விரலையும் வேலைக்கு வைத்துக்கொண்டாரே, என்று அவளுக்கு அந்த ரெஸ்டாரண்டில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது, கண்ணில் நீர் முட்டியது, பார்வையை எடுக்கவே முடியவில்லை.

பாதியானதும் மாஸ்டர் தட்டைத் தள்ளினார். அது அவர்கள் வழக்கம். முதன்முதலாக இந்த மாதிரி கடைக்குப் போனபோது மெனுவில் ஒன்றும் புரியாமல் ஆளுக்கொன்றைக் கைகாட்டி, வந்தது அவருக்குப் பிடிக்காமல், சொல்லவும் கூச்சப்பட்டு அவர் விழித்துக்கொண்டிருந்தார், அவள்தான் ஒன்றும் பேசாமல் பாதியில் தன் தட்டை அவர் பக்கம் தள்ளி அவருடையதை இழுத்துக்கொண்டாள், அன்றையிலிருந்து எங்கே போனாலும் பாதியில் தட்டு மாறும், யாரும் யாரையும் கேட்பதில்லை. கனமான பீங்கான் தட்டை வலது கையாலேயே தள்ளிவிட்டு அவளுடையதை இழுத்தவர் அப்படியே நிறுத்தினார். "இது யாருக்கு?" என்றார். அவள் குனிந்து பார்த்தாள். லசானியாவில் ஒரு வாய்கூட அவள் தின்றிருக்கவில்லை. முழுவதும் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிக் கிடந்தது, கரண்டிக்குள் அடங்குகிற அளவு, எல்லாம் ஒரே அளவு. கத்தி இன்னும் அவள் கையில் இருந்தது. எப்போது வெட்டினாள்? அவர் கையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்... "கட்டிங் பிரமாதம் மாஸ்டர்," என்றார் அவளிடம், "ஒரு பீஸ் வீணாகல." என்றவர் ஒரு சதுரத்தைக் குத்தி வாயில் போட்டு, நன்றாகவே மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார், "திங்கக்கெழம கட்டிங் மேசைக்குக் கொண்டுபோற சாப்பாட்டு டப்பாவுல எதையும் நறுக்காம வச்சுக் குடு."

சரி என்று தலையாட்டினாள், சந்தோஷம்தான், சந்தோஷம் இல்லாமல் என்ன, இதற்காகத்தானே... அவள் முன்னால் இப்போது நீள நீளமாக மீதி ஸ்பகெட்டி. முள்கரண்டியைக் குத்திச் சுற்றினாள், வழுக்கியது. குழந்தையின் கையிலும் ஒரே குத்தில் நரம்பைக் கண்டுபிடிக்கிற கைக்கு ஒரு இழை பிடிபடவில்லை. அவர் சொல்லிக்கொடுப்பார், இல்லாவிட்டால் கேலியாவது செய்வார் என்று நிமிர்ந்தாள். மாஸ்டர் மேலே தொங்கும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஜன்னலைப் பார்ப்பாரே, அதே பார்வை, அதே பொறுமை, அதில் வெட்கம் எதுவும் இல்லை, என்றைக்குமே இருந்ததில்லையோ... அப்படியென்றால் பொத்தான்கள் மழையாக விழுந்த அந்த நாட்களிலும், அவராலேயே வெட்டித் தின்ன முடிந்த நாட்களிலும், அவள் நறுக்கி முடிக்கட்டும் என்று அவர் யாருக்காக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்?