ஃபிரிட்ஜ் கதவில் பாதிப் புட்டி

என் மகள் ரவானுக்கு மூன்று வயது. இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக, ஒன்றுக்குப் போகும்போது எரிகிறதென்று அழுதாள். உடம்பு அனலாய்க் கொதித்தது.

எங்கள் அஸ்யூத் நகரத்தில் யாரும் முதலில் ஓடுவது மருந்துக்கடைக்குத்தான். முந்தைய இரண்டு முறையும் அங்கே கொடுத்த வெள்ளை ஆன்டிபயாடிக் மருந்து மூன்றாம் நாளே காய்ச்சலை இறக்கிவிட்டது. மீதியை ஃபிரிட்ஜ் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படியொரு புட்டி உண்டு.

இந்த முறை மருத்துவமனைக்கு, டாக்டர் சஃபாவிடம் போனேன். "எந்தக் கிருமின்னு முதல்ல தெரியணும். நாளைக்குக் காலையில லேப்ல யூரின் குடுங்க. அதுவரைக்கும் எந்த மருந்தும் வேணாம்" என்றார்.

விடிந்ததும் குழந்தை துடித்தாள். மாடிவீட்டுக்காரி உம் ஹானி எட்டிப் பார்த்தாள்.

"பாட்டில்ல மிச்சம் இருக்குல்ல, ஊத்துடி. அந்த டாக்டரம்மா பிள்ளை பெத்தவளா என்ன?"

பாதிப் புட்டியிலிருந்து இரண்டு ஸ்பூன் ஊற்றினேன்.

லேப் பெண் குப்பியை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லையே."

இரண்டு நாள் கழித்து அறிக்கை வந்தது. கிருமி எதுவும் வளரவில்லை. ரவானுக்கோ காய்ச்சல் முப்பத்தொன்பதரை டிகிரி செல்சியஸ். டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யூரின்ல சீழ் இருக்கு, கிருமி இல்லியாம். ரவான் அம்மா, நிஜத்தைச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அந்த ரெண்டு ஸ்பூன் மருந்து கிருமியைக் கொல்லல. லேப்ல வளராம மட்டும் பண்ணிருச்சு. எந்த மருந்துக்கு அடங்கும்னு தெரியாமத்தான் இப்ப ஊசி போடணும். கிட்னி வரைக்கும் போயிருக்குமோன்னு பயமா இருக்கு. ஊசிக்கு முன்னாடி இன்னொரு தடவை யூரின் எடுத்துருங்க. அரை மணி பாப்போம். வரலேன்னா உள்ளே டியூப் விட்டுத்தான் எடுக்கணும்."

மருத்துவமனைக் கழிப்பறையில், சத்தம் கேட்டு ஒன்றுக்கு வரட்டுமென்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குப்பியோடு மண்டியிட்டேன். ரவான் தொடைகளை இறுக்கிக்கொண்டாள்.

"வேணாம்மா. எரியும்."

"எரியாதுடா கண்ணு."

இன்னொரு பொய். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கன்னம் என் கன்னத்தைச் சுட்டது.

"வெள்ளை மருந்து குடும்மா. சரியாயிரும்."

கதவுக்கு வெளியே நர்ஸ் நேரமாகிறதென்று குரல் கொடுத்தாள். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குப்பியில் ஒரு சொட்டும் விழவில்லை.