எத்தனை போச்சு?

விண்கலத்தில் காற்று கசிந்து மூன்று பேர் இறந்த செய்தி வந்த அன்று, எங்கள் மீன்தொட்டி வாட்ஸ்அப் குழுவில் யாரும் மீனைப் பற்றிப் பேசவில்லை. "சம்பந்தமில்லாதத இங்க போடாதீங்க" என்று அட்மின் தொண்டை கிழிய எழுதிப் பார்த்தார். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

எங்கள் குழுவில் மீன் செத்துவிட்டது என்று ஒருவர் வாயைத் திறந்தால் ஆறுதல் வராது, கேள்விதான் வரும். தொட்டி என்ன அளவு, தண்ணீர் என்ன சூடு, மோட்டார் எப்போது நின்றது. விண்கலத்தையும் விட்டுவைக்கவில்லை. உள்ளே எவ்வளவு காற்று, ஓட்டை எவ்வளவு பெரியது என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். தங்கை போனதிலிருந்து எனக்கு எதுவுமே வருவதில்லை.

குளியலறையில் கேஸ் ஹீட்டர். ஜன்னல் மூடியிருந்ததால் நச்சுக்காற்று வெளியே போகவில்லை. அவ்வளவுதான். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்வி: "அவ நம்மளக் கூப்பிட்டிருப்பாளாடா?" நான் வேலைக்குப் போயிருந்தேன். எனக்கு என்ன தெரியும்?

குழுவில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒருவர் உண்டு. எங்களுக்கு அவர் 'மயக்கம் சார்'. "அந்த மூணு பேருக்கும் தெரிஞ்சே இருக்காது. அசந்து தூங்கற மாதிரிதான்" என்று எழுதியிருந்தார். அதன் கீழே நான் கேட்டேன்: "சின்ன ரூம், கேஸ் ஹீட்டர், ஜன்னல் மூடியிருக்கு. அப்பவும் அப்படித்தானா சார்?"

அவர் பதில் போடுவதற்குள் மற்றவர்கள் பாய்ந்துவிட்டார்கள்.

"தொட்டி இருக்கற ரூம்ல எவனாவது கேஸ் ஹீட்டர் போடுவானா?"

"ரூம் என்ன அளவு பாஸ்? எத்தனை போச்சு?"

அளவைச் சொன்னேன். பிறகு, "ஒண்ணு" என்று எழுதினேன்.

"ஒண்ணுதானே, விடுங்க!" கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

அத்துடன் அட்மின் பேச்சை மூடிவிட்டார். கொஞ்ச நேரத்தில் டாக்டர் தனியாக எழுதினார்: "மீன் இல்லதானே தம்பி?"

"தங்கச்சி சார். கூப்பிட்டிருப்பாளா?"

"தலை வலிச்சிருக்கும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா கூப்பிடணும்னு தோணறதுக்குள்ள பெரும்பாலும் நினைவு தப்பிடும்."

தலைவலியையும் 'பெரும்பாலும்' என்பதையும் விழுங்கிவிட்டு அம்மாவிடம் போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட கேட்டேம்மா. அவ கூப்பிட்டிருக்கவே மாட்டாளாம்."

"டாக்டரே சொன்னாரா?"

"ஆமாம்மா."

அம்மாவின் கை நிற்கவில்லை. மடித்ததை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"எனக்குக் கேட்டுச்சேடா" என்றாள். "ரெண்டு தடவ. துண்டு கேக்கறாளோன்னு நெனச்சேன். அன்னைக்கும் துணிதான் மடிச்சிட்டிருந்தேன், முடிச்சிட்டுக் குடுக்கலாம்னு இருந்துட்டேன்."