எட்டு நிமிடம் பிந்திய பாங்கு

1
இந்தக் கதை பயத்தில் பிறந்தது. போன வாரம் என் கணினியில் ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து நானே தொகுத்து நிறுவினேன். அது என் தொடக்கக் கோப்பை அழித்துத் தன்னுடையதை எழுதிவிட்டது. எனக்கு நட்டம் ஒரு சுவர்ப்படம்தான். இதே விளையாட்டு வேறொரு கணினியில் நடந்திருந்தால் என்று யோசித்தேன். தூக்கம் போனது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கல்முனைக் கடற்கரையில் சூரியன்—"

நிறுத்திவிட்டேன். கதை நடப்பது பள்ளிவாசல் அலுமாரிக்குப் பக்கத்திலிருக்கும் பழைய கணினியில். அதற்குச் சூரியன் தெரியாது. அதுதான் பிரச்சினையே.

2
றினாஸ் கம்பஸில் கணினி படிப்பவன். (நீங்கள் வெறுப்பதற்கு ஒரு குறை கொடுக்கப் பார்த்தேன், தானாகவே தேடிக்கொண்டான்.) நேற்று மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசல் கணினியின் லினக்ஸுக்குப் புது டெஸ்க்டொப் ஒன்றைத் தானே தொகுத்து நிறுவினான். அந்த நிறுவல் ஒரு சொல் கேட்காமல் பழைய தொடக்கக் கோப்பின் மேல் தன் கோப்பை எழுதியது. கணினி திறந்ததும் தொழுகை நேரப் பலகையை டீவியில் ஏற்றுவது அந்தக் கோப்புத்தான். அதை எழுதிய கலந்தர் இப்போது கத்தாரில். பிரதி இல்லை.

றினாஸ் நினைவிலிருந்து ஒரு வரி எழுதினான். பலகை வந்தது. சந்தோசமாக வீட்டுக்குப் போனான்.

பழைய வரியின் கடைசியில் 'கல்முனை' என்று இருந்திருக்கிறது. ஊர் சொல்லாவிட்டால் அந்தப் பலகை தான் கொழும்பில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

(அடிக்குறிப்புப் போல ஒன்று: கொழும்பில் விடிவது எங்களைவிட எட்டு நிமிடம் பிந்தி.)

3
இன்று பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகுதான் பிழையைக் கண்டான். அதற்குள் மோதினார் காலிதீன் பலகையைப் பார்த்துச் விடியல் தொழுகையான சுபஹுக்கு எட்டு நிமிடம் பிந்திப் பாங்கு சொல்லியிருந்தார். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடும் அந்த எட்டு நிமிடமும் நோன்புக்கு முந்திய ஸஹர்ச் சோறு தின்று [இங்கே ஒரு பகிடி இருந்தது, வெட்டிவிட்டேன்] முடித்திருந்தது. பக்கத்துப் பள்ளியின் பாங்கு சரியான நேரத்துக்குக் கேட்டதுதான். "அவங்களுக்கு எப்பவும் அவசரம்" என்று எங்கள் ஆட்கள் இன்னொரு பிடி பிசைந்தார்கள்.

விடிந்த பிறகு தின்றது தெரியவந்தால் அத்தனை பேரும் அந்த நோன்பைத் திரும்பப் பிடிக்க வேண்டும். தெரிந்தவன் ஒருவன்தான்.

"என்னடா தம்பி, மொகம் வெளுத்திரிக்கி? நோன்புக் களைப்போ?" என்றார் காலிதீன்.

"இல்ல காக்கா."

"காலையில அந்தப் பள்ளி மோதினாருக்கு நல்லாக் குடுத்தன். எங்கட கம்பியூட்டர் பொய் சொல்லுமா எண்டு கேட்டன். மனிசன் வாய் தொறக்கல்ல."

றினாஸ் விசைப்பலகைப் பக்கம் திரும்பினான்.

4
முடிவு ஒன்று: ஊர்ப்பெயரைச் சேர்த்துவிட்டுச் சும்மா இருக்கிறான். யாருக்கும் தெரியாது. நோன்புப் பெருநாளன்று எல்லாரும் அவனுக்குக் கைகொடுக்கிறார்கள், ஒவ்வொரு கையாக—

எழுத முடியவில்லை.

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறான். காலிதீன் பக்கத்துப் பள்ளிக்கு மன்னிப்புக் கேட்க நடக்கிறார். அந்த நடையை மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் செருப்பை மறந்துவிட்டுப் போனார்.

5
ஊர்ப்பெயரைச் சேர்த்துவிட்டான். அதுமட்டும் நிச்சயம். நோன்பு திறக்கும் மஃரிபுக்கு இருபத்தொன்பது நிமிடம் என்றிருந்த பலகை இருபத்தொன்று என்றது. காலிதீன் கவனிக்கவில்லை, மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"புதுப் பலகையப் பத்தி நீயே மஹல்லா ஆக்களுக்கு ரெண்டு வார்த்த சொல்லு வாப்பா. வெக்கப்படாத."

மைக்கின் சுவிட்சைப் போட்டு அவன் கையில் கொடுத்தார். அவனுடைய மூச்சு ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கிறது.

அடுத்த வரி என்னால் ஆகாது. என் வீடும் அந்த ஒழுங்கையில்தான். சீனி வியாதியோடு இன்றைய நோன்பைப் பிடித்த என் உம்மா, அடுப்படி யன்னலைத் திறந்து அந்த மூச்சைக் கேட்கிறார்.

"ஆரோ கதைக்கப் போறாங்க, சத்தம் போடாம இரி மகன்" என்கிறார்.

நீங்கள் இந்த ஒழுங்கையில் இல்லாதவர். மைக்கை வாங்கிக்கொள்ளுங்கள்.