வாகனங்களுக்கு ஐம்பது

மலை சரிந்து ஆறாவது நாள். காலை எட்டு மணிக்கு வரைபட அலுவலகத்தில் அவள் கணினியைத் திறந்தபோது, திரையில் தேடல் மாடலின் அதே பெட்டிகள், அதே அம்புகள். பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். மண் தோண்டுகிறவர்களோடு வயர்லெஸ்ஸில் பேசுவது அவன் வேலை. வாய் ஓயாதவன் என்பதால் அலுவலகத்தில் அவன் பெயரே ரேடியோ.

"என்னக்கா இது, துணி காயப்போட்ட கொடி மாதிரி இருக்கு. இதை நம்பியா அத்தனை மெஷினும் தோண்டுது?"

"ஒரு துணியை உருவினா எல்லாம் கீழ விழும். கை வைக்காம போ," என்றாள்.

அவன் சொன்னதிலும் தப்பில்லை. இடதுபக்கம் மூன்று பெட்டிகள்: வீடுகள், கடைசியாகச் சிக்னல் கொடுத்த கைபேசிகள், வாகனங்கள். மூன்றிலிருந்தும் அம்புகள் கிளம்பி நடுவில் ஒரு பெட்டிக்குள் போகும். சரிந்த இடத்தை நூற்றுப் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். எந்தக் கட்டத்தில் ஆட்கள் புதைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று நடுப்பெட்டி மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும். நூறு மதிப்பெண்ணில் வீடுகளுக்கு ஐம்பது, கைபேசிகளுக்கு நாற்பது, வாகனங்களுக்குப் பத்து. முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி, அலுவலகத் தலைவர் முடிவு செய்த எண்கள் அவை.

ஒரு நாளைக்கு எட்டுக் கட்டம்தான் தோண்ட முடிந்தது. இன்னும் மூன்று நாளில் பெருமழை, அதோடு தோண்டுவது நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவளுடைய தம்பி ஓட்டிப்போன லாரி எழுபத்தொன்றாம் கட்டத்தில் இருந்தது. லாரி முதலாளி அனுப்பிய ஜி.பி.எஸ். புள்ளியில் தசமத்துக்குப் பின்னால் ஆறு இலக்கம். அவ்வளவு துல்லியம். பட்டியலில் அந்தக் கட்டம் எங்கோ அடியில் கிடந்தது.

கைபேசி அதிர்ந்தது. அம்மா.

"என்னடி, இன்னிக்காவது அவன் இருக்குற இடத்தைத் தோண்டுவாங்களா?"

"தெரியலம்மா."

"நீதானே பட்டியல் போடுறே. உனக்கே தெரியலைன்னா நான் யாரைப் போய்க் கேக்குறது?" அம்மா மூச்சு வாங்கினாள். "உசுரோட வேணும்னு கேக்கல. அந்த ஆசை மூணாம் நாளே விட்டுப்போச்சு. முகத்தை ஒரு தடவை பாத்துட்டா போதும்."

"சாப்பிட்டியா?"

"அதெல்லாம் ஆச்சு. நீ வேலையைப் பாரு."

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆறு நாளாக எதுவுமே வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

நடுப்பெட்டியைத் திறந்தாள். வாகனங்களுக்கு ஐம்பது. வீடுகளுக்கு முப்பது. கைபேசிகளுக்கு இருபது. கூட்டினால் நூறு. நூறு வந்தால் மாடல் மறுபேச்சுப் பேசாது. இயக்கினாள். எழுபத்தொன்று மூன்றாம் இடத்துக்கு ஏறியது. அந்த இடத்தில் இருந்த இருபத்துமூன்று, சாலையோர வீட்டு வரிசை, பன்னிரண்டாம் இடத்துக்கு இறங்கியது. அதாவது நாளைக்கு.

ஒரு நாள்தானே என்று பட்டியலை ரேடியோவிடம் நீட்டினாள். அவன் அதை வயர்லெஸ்ஸில் வாசித்தான்.

பிற்பகல் மூன்று மணிக்கு ரேடியோ அவள் மேசைக்கு வந்து நின்றான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அக்கா, எழுபத்தொண்ணுல லாரி கெடைச்சிடுச்சு. நம்பர் சொன்னாங்க. உங்க தம்பி ஓட்டுனதுதான்."

"அவன்?"

"உள்ள ஆள் இல்லக்கா. கதவு தொறந்து கெடக்குதாம். சாவியும் காணோமாம். நாலு மணி நேரம் சுத்திச் சுத்தித் தோண்டிட்டாங்க. கட்டமே காலி."

அதன் பிறகுதான் அவள் கைபேசிகளின் அட்டவணையைத் திறந்தாள். பெயர்கள் இல்லாமல் வெறும் எண்களாக வந்த பட்டியல் அது. தம்பியின் எண்ணைத் தட்டினாள். வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி நிறம் மாறியது. இருபத்துமூன்றாம் கட்டம்.

ஆறு நாளாக அது அங்கேயே இருந்திருக்கிறது. லாரியின் புள்ளி அத்தனை துல்லியமாக இருந்ததால் அவள் இதைத் தேடவே இல்லை. லாரி எங்கேயோ தம்பியும் அங்கேதான் என்று வைத்துக்கொண்டாள். அவன் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் உட்காராதவன். லாரியை நிறுத்தியதும் யார் வீட்டு வாசலிலாவது போய்ப் பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்பான். அது தெரிந்த அக்காதான், கைபேசிகளின் மதிப்பெண்ணைப் பாதியாகக் குறைத்தாள்.

எண்களைப் பழையபடி மாற்றி, புதுப் பட்டியலைக் கொடுத்தாள். ஆனால் மெஷின்கள் அதற்குள் பள்ளத்தாக்கின் மறுகோடிக்குப் போயிருந்தன. இருபத்துமூன்று மறுநாள் காலைதான். இரவு தூறல் விழுந்தது.

மறுநாள் மதியத்துக்குள் அந்தக் கட்டத்தில் ஐந்து பேரை எடுத்தார்கள். ஐந்தாவது ஆளின் சட்டைப் பையில் லாரிச் சாவி இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்துத் தடுத்தார். "முகம் வேண்டாம்மா. நேத்துவரைக்கும் அங்க மண்ணு காஞ்சு இருந்துச்சு. ராத்திரி தண்ணி இறங்கி, மேல கெடந்த பாறையெல்லாம் கீழ அமுங்கிடுச்சு. சட்டையைப் பாத்து சொல்லுங்க, போதும்."

அம்மா சட்டையைப் பார்த்துத் தலையசைத்தாள். "ஒரே ஒரு நாள் முன்னாடி கெடைச்சிருக்கக் கூடாதா?" என்றாள் சுவரைப் பார்த்து.

அவள் அம்மாவை அத்தையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு அலுவலகத்துக்குப் போனாள். தலைவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த நாற்பதும் ஐம்பதும் நாம யூகத்துல போட்டதுதான்மா. யாரும் கேக்க மாட்டாங்க. பழைய எண்ணை வச்சாச்சுல்ல? வீட்டுக்குப் போ."

"மீதி நாலு பேரோட வீட்டுல கேப்பாங்க சார்."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் தன் இடத்தில் உட்கார்ந்தாள். மாடலில் நடுப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்புப் பெட்டியைச் செருகித் தட்டினாள்: ஆறாம் நாள் காலை வாகனங்களின் மதிப்பு பத்திலிருந்து ஐம்பதாக மாற்றப்பட்டது. காரணம், என் தம்பி. இருபத்துமூன்றாம் கட்டம் ஒரு நாள் தாமதம். ஐந்து பேர்.

கீழே தன் பெயரைப் போட்டுச் சேமித்தாள். தலைவர் பின்னால் வந்து நின்று படித்தார். அழிக்கச் சொல்லவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல சார். இனிமேதான்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அம்மாவிடம் சொல்ல வேண்டியதும் அதே நாலு வரிதான்.